பஸ்கா: ஆட்டின் பெயர் அப்பத்துக்கு வந்த கதை

எபிரேய மொழியின் ‘பெசாக்’ முதலில் ஓர் ஆட்டைக் குறித்த சொல். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் பெசாக்கை அறுக்கிறார்கள், பெசாக்கைப் புசிக்கிறார்கள். அதைத் தொடரும் ஏழு நாள் கொண்டாட்டத்துக்குப் பெயர் வேறு: புளிப்பில்லாத அப்பப் பண்டிகை. நிசான் மாதம் 14ஆம் நாள் மாலையில் அறுக்கப்படுவது ஒரு வயதுள்ள, பழுதற்ற கடா. செம்மறியோ வெள்ளாடோ, எதுவானாலும் சரி. அதன் இரத்தத்தை ஈசோப்புக் கொத்தில் தோய்த்து நிலைக்கால்களில் பூசினார்கள். இறைச்சியை நெருப்பில் சுட்டு, கசப்பான கீரையோடும் புளிப்பில்லாத அப்பத்தோடும் அன்றிரவே தின்று தீர்க்க வேண்டும். எலும்பை முறிக்கக் கூடாது.

சொல்லின் வேர் ‘பாசக்’ என்ற வினை. எகிப்தின் தலைப்பிள்ளைகளை அழித்தவர் இரத்தம் பூசிய வீடுகளைக் கடந்து போனார் என்ற கதையை ஒட்டி, ‘கடந்து போதல்’ என்றே பொருள் கொள்வது வழக்கம். ஆனால் அதே வினை ஏசாயா 31:5இல் காத்தல் என்ற பொருளோடு ஒட்டி நிற்கிறது. எலியாவின் கதையில், பாகாலின் தீர்க்கதரிசிகள் பலிபீடத்தைச் சுற்றி நொண்டி ஆடுவதையும் அதுவே குறிக்கிறது. இந்த மூன்றில் எது முந்தியது என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை.

அரமேயத்தில் இச்சொல் ‘பஸ்கா’ ஆயிற்று. கிரேக்கர் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கத்தில் ‘பாஸ்கெயின்’ என்றால் துன்புறுதல். இரண்டுக்கும் உறவே கிடையாது. ஆனாலும் 2ஆம் நூற்றாண்டில் சர்தை நகரத்து மெலித்தோ இரண்டையும் முடிச்சுப் போட்டார். பிழையான முடிச்சுதான், ஆனால் அவிழவில்லை. தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்களில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் நாடகத்துக்குப் ‘பாஸ்கா’ என்று பெயர் இருப்பதைப் பார்த்தால், மெலித்தோ மகிழ்ந்திருப்பார்.

இயேசுவின் கடைசி இராவிருந்து பஸ்கா விருந்துதானா என்பதில் சுவிசேஷங்களே ஒத்துப்போகவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். யோவானோ ஆடுகளை அறுக்கும் ஆயத்த நாளிலேயே சிலுவைமரணம் நடந்ததாகச் சொல்கிறார். அப்படியானால் விருந்து அதற்கு முந்திய இரவில் நடந்திருக்க வேண்டும். இயேசுவின் கால்களை முறிக்கவில்லை என்று சொல்லி, எலும்பு முறிக்காத பழைய விதியையும் யோவான் நினைவூட்டுகிறார். அவருக்கு விருந்தைவிட ஆடு முக்கியம். இவர்கள் எழுதுவதற்கு முன்பே, 50களின் நடுவில், கிறிஸ்துவே நம் பஸ்கா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிவிட்டார்.

இயேசுவின் அந்த விருந்தில், இன்றைய யூத வீடுகளின் பஸ்கா இரவுச் சடங்கில் வரும் நான்கு கிண்ணங்களையும் கேள்வி-பதில்களையும் தேடுவது காலப் பிழை. எருசலேம் ஆலயம் இருந்தவரை ஆட்டை அங்கே பலியிட்டு, நகருக்குள்ளேயே உண்டார்கள். கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை இடித்த பிறகு பலிக்கு இடமில்லை. இன்றைய ‘சேதெர்’ சடங்கு அதற்குப் பின்புதான் உருப்பெற்றது. அதன் முதல் விரிவான வடிவம் சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. யூதச் சடங்கும் கிறிஸ்தவச் சடங்கும் தாயும் மகளும் என்பதைவிட, ஆட்டை இழந்த ஒரே வீட்டின் இரு பிள்ளைகள் என்பதே பொருத்தம்.

இரு வீட்டிலும் ஆட்டின் இடத்துக்கு அப்பம் வந்தது. யூதர் ‘மட்சா’ என்னும் புளிப்பில்லாத அப்பத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்து, உணவின் முடிவில் பலியாட்டின் நினைவாகத் தின்கிறார்கள். அதற்கு ‘அஃபிகோமன்’ என்று பெயர். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மட்சா மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். தாண்டினால் புளிப்பு ஏறியதாகக் கணக்கு.

கிறிஸ்தவரிடம் பெயர்மாற்றம் இன்னும் வெளிப்படை. பைசாந்திய மரபில் குருவானவர் முத்திரை பதித்த அப்பத்தின் நடுவிலிருந்து சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுக்கிறார். கத்திக்குப் பெயர் ஈட்டி. துண்டுக்குப் பெயர் ‘அம்னோஸ்’, அதாவது ஆட்டுக்குட்டி. இலத்தீனில் ‘ஹோஸ்தியா’ என்றால் பலிவிலங்கு. அது போர்ச்சுகீசியர் வழியே ‘ஓஸ்தி’ என்று தமிழுக்கு வந்து, ஊதினால் பறக்கும் மெல்லிய வெள்ளை அப்பத்தைக் குறிக்கிறது. அப்பம் எது என்பதிலும் சண்டை உண்டு: மேற்கே புளிப்பில்லாதது, கிரேக்கரிடம் புளித்தது. கிழக்கு, மேற்குச் சபைகளின் 1054ஆம் ஆண்டுப் பிளவில் பேசப்பட்ட குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று.

இந்த அப்பச் சடங்குக்குக் கத்தோலிக்கர் சொல்லும் ‘நற்கருணை’ என்ற பெயர் வேறொரு கிளை. யூதர் உணவின்போது சொன்ன ஆசிமொழிக்கு இணையாகக் கிரேக்கக் கிறிஸ்தவர் ‘யூகரிஸ்தியா’, நன்றி கூறல், என்றார்கள். ‘யூ’ என்றால் நல், ‘கரிஸ்’ என்றால் அருள். தமிழ்ச்சொல் இந்த இரு துண்டுகளையும் அப்படியே காட்டுகிறது. நன்றி என்ற பொருள் மட்டும் அதில் வெளியே தெரிவதில்லை. சீர்திருத்தச் சபையார் திருவிருந்து, இராப்போஜனம் என்கையில் முன்னிற்பது நன்றியும் அல்ல, பலியும் அல்ல, பந்தி.

பழைய ஒலி நெருக்கமாகத் தங்கியிருப்பது கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவரிடம். சிரியாக்கில் சொல்லின் நடு எழுத்து மாறி, மகிழ்ச்சியைக் குறிக்கும் வேரின் சாயல் அதில் ஏறியது. மலையாளத்தில் அது ‘பெசஹா’. பெரிய வியாழன் இரவில் அரிசியையும் உளுந்தையும் அரைத்து, இட்லி மாவைப் போலப் புளிக்க விடாமல் அப்போதே அப்பமாக ஆவியில் வேகவைக்கிறார்கள். மேலே குருத்தோலைச் சிலுவை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த ‘பால்’ தொட்டுக்கொள்ள. பிட்டுக் கொடுப்பவர் குருவானவர் அல்ல, வீட்டுத் தலைவர். அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.