பாலைக்கு வந்த ஆறு

எழுவைதீவில் ஆறு இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்வோர் அங்குக் காண்பன பனையும் கடலும் கிணறுகளுமே. தீவுப்பகுதிகளில் மாரிமழை நிலத்துள் இறங்கி, பாலின்மேல் ஆடைபோல, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. துலா மிதித்து இறைத்த காலத்தில், பட்டையால் மொண்ட நீர் சிறு வாய்க்காலில் ஓடிப் பாத்திகளை நனைத்தது. அளவு மீறி இறைத்தாலோ, அடியிலிருந்து உவர் மேலெழும்.

ஆறில்லாத நாட்டுக்கு ஆற்றையே வெட்டிக் கொணர்ந்த வரலாறு பிக்கானீரினது. அப்பாலையில் கிணற்றுநீர் பலவிடங்களில் 300 அடிக்கும் கீழே. 1899ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் மக்களும் மாடுகளும் மடிந்தனர். அதனைக் கண்ட இளம் அரசர் கங்காசிங், சத்லெஜ் ஆற்றுநீரை நாடினார். ஆறு ஓடியதோ பிறர் நிலத்தில்! பஞ்சாபுக்கும் பகவல்பூருக்கும் அதில் பங்கு உண்டு. மூவரும் உடன்பட 1920ஆம் ஆண்டாயிற்று. வெட்டிய கால்வாய் 1927இல் திறக்கப்பட்டது. மணல் நீரைக் குடித்துவிடாதபடி அடியும் கரையும் சுண்ணாம்புக் காரையால் அமைக்கப்பட்டன. அரசரின் பெயர் கால்வாய்க்கு வழங்கிற்று. எனினும் பாலையை வென்றது அந்தக் காரையே எனலாம். கங்காநகர்ப் பகுதியில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன.

1958இல் அரிக்கே அணையிலிருந்து இதனினும் பெரிய இராஜஸ்தான் கால்வாய் தொடங்கப்பெற்றது. 1984இல் அது இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. தாராளமாய்ப் பாய்ச்சிய நீர், சிலவிடங்களில் நிலத்தடியிலிருந்த இறுகிய படையைக் கடக்கமாட்டாது தேங்கிற்று. துலா மிதித்தவர் அஞ்சிய அதே உவர் அங்கும் மேலேறியது. அனுமன்கர் வட்டாரத்தில் விளைநிலங்கள் சில சதுப்பாயின. நீர் கொணர வெட்டிய நாட்டில், நீரை வடிக்கவும் வழிதேட நேர்ந்தது.