மலைப்பாதையில் வழிவிடும் முறை

பாதை ஒருவர் செல்லத்தக்கது. எதிரெதிரே வருபவரோ இருவர். இவருள் விலக வேண்டியவர் யார்? கேட்பதற்கு எளிய வினாவே. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் காலந்தோறும் இதற்கு அளித்துவந்த விடைகளைத் தொகுத்து நோக்கினால், அந்நாட்டின் சமுதாய வரலாற்றில் ஒரு பகுதியே நமக்குப் புலனாகும். கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

அதற்கு முன்னர் நேயர்களை மிகத் தொலைவிலுள்ள ஒரு நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். சுவீடன் தேசத்தில், சேலன் என்னும் இடத்திலிருந்து மோரா என்னும் நகர் வரைக்கும் 90 கிலோமீற்றர் தூரம் உறைபனிமேல் சறுக்கிச் செல்லும் பந்தயம் ஒன்று 1922 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பின்னாளில் அந்நாட்டுக்கு மன்னனான குஸ்தாவ் வாசா பகைவருக்கு அஞ்சிப் பனிவெளியிலே தப்பியோடிய செய்தியை நினைவுகூர்வது அது. முதலாண்டில் 119 பேர் ஓடினர். இன்றோ பல்லாயிரவர் ஓடுகின்றனர். அகன்ற வெளியிலிருந்து ஒரே வேளையிற் புறப்படும் அப்பெருங்கூட்டம் முதலாவது ஏற்றத்திலே நெருங்கி முட்டிக்கொள்ளும். ஒருவர் காற்பலகைமேல் மற்றவர் ஏறுவதும், கையிலுள்ள ஊன்றுகோல்கள் முறிவதும் அங்கேதான்.

இத்தகைய ஓட்டங்களுக்கும் பனிப்பாதைகளுக்கும் ஒழுக்கவிதிகள் உள. அருகே ஆளிருந்தால் ஊன்றுகோலை உடலோடு ஒட்டிப் பிடித்தல் வேண்டும். விழுந்தவர் விரைந்து எழுந்து தடத்தை விட்டு விலகவேண்டும். தனித்தனியே நேரங்குறித்து ஓடும் பந்தயத்தில், பின்னால் விரைந்து வருபவர் குரல் கொடுத்த முதன்முறையே முன்னவர் வழிவிடல் வேண்டும். விபத்து நேர்ந்த இடத்தில் உதவி செய்வது யாவர்க்கும் கடமை. இவையெல்லாம் நாம் எதிர்பார்க்கக் கூடியவையே. ஒரு விதி மாத்திரம் மலைநாட்டு நேயர்களுக்கு வியப்பளிக்கும். சரிவிலே இருவர் எதிர்ப்பட்டால், ஏறுகின்றவரே இறங்குகின்றவருக்கு வழிவிடவேண்டும் என்பது அது. கடுகண்ணாவைக் கணவாயில் வண்டியோட்டிய எவரிடத்திலும் கேளுங்கள். முறை அதற்கு நேர்மாறானது என்பார். இம்முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு கண்டி இராச்சியத்துள் நுழைவோம்.

கண்டியைக் காத்தவை கோட்டைகள் என்பதிலும் ஒடுங்கிய பாதைகள் என்பதே பொருத்தமாகும். பலனைக் கணவாயைக் கடந்து மேலேறிய போர்த்துக்கேயப் படைகள் 1594 இலும் 1638 இலும் எவ்வாறு அழிந்தன என்பதை வரலாறு கூறும். 1660 இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் இம்மலைநாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தப்பிச் சென்றபின் 1681 இல் வெளியிட்ட நூலில் இப்பாதைகளைக் குறித்துள்ளார். பாதைகள் பல, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரே நடக்கக்கூடிய ஒடுக்கம். பகைவர் புகாதிருக்க மன்னன் வேண்டுமென்றே அவற்றை அவ்வாறு வைத்திருந்தான். ஆங்காங்கே முள்ளாற் செய்த கடவைகளும் அவற்றுக்குக் காவலரும் இருந்தனர்.

அக்கடவைகளைக் கடப்பதற்குக் களிமண்ணிலே முத்திரை பதித்த அனுமதிச் சின்னம் வேண்டும். அம்முத்திரையின் உருவம் ஆளுக்கேற்ப மாறுபட்டது என நொக்ஸ் எழுதுகின்றார். போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய மனிதன். வெள்ளையனுக்குத் தொப்பியும் இடைவாளும் தரித்தவன். தொழிலாளிக்கோ தோளிலே தண்டு வைத்து, அதன் இரு முனையிலும் பைகள் தொங்கச் செல்பவன். எழுத்தறியாத காவலனும் வருபவன் யாரென உடனே அறிவான். சரித்திர பாடம் கற்பிக்கும்போது மாணவர் மிக விரும்பிக் கேட்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

அவ்வொடுங்கிய பாதையிலே எதிர்ப்பட்டவருள் யார் விலகினர்? தகுதியிற் குறைந்தவரெனக் கருதப்பட்டவரே விலகினர். மன்னனுடைய திருமுகத்தைத் தலைமேல் ஏந்தி வருவோருக்கு ஊரே ஒதுங்கும். ரொடியர் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்கள் எவரைக் கண்டாலும் ஒதுங்கிக் கைகூப்பி நிற்க விதிக்கப்பட்டிருந்தனர். இதனை மரியாதை என்று சொல்லும் வழக்கமுண்டு. என் மனம் அச்சொல்லை இங்கு ஏற்கவில்லை. விலகாவிட்டால் தண்டனை உண்டென்ற அச்சத்தால் விலகுவது வேறு, மரியாதை வேறு.

அதே பாதையில் இன்னொரு வழக்கமும் உடன் இருந்ததென்பதை மறத்தலாகாது. வழிநடையாளர் தங்கி இளைப்பாற ஊரவர் கட்டிவைத்த அம்பலங்கள் கண்டிப் பகுதியில் இன்றும் காணப்படுகின்றன. கடுகண்ணாவையிலே பழைய வீதியோரம் ஒன்றும், எம்பக்கையில் ஒன்றும் உண்டு. அங்கே வந்தவர் யார் என்று கேட்பாரில்லை. யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. தலைச்சுமையைப் பிறர் கைகொடாமலே இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஆளுயரத்தில் அமைத்த கல்லைக் காட்டிலும் நுட்பமான ஓர் உபகாரத்தை நான் அறியேன்.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒடுங்கிய பாதை மன்னனுக்கு எதனாற் பாதுகாப்பாயிருந்ததோ, அதனாலேயே ஆங்கிலேயருக்கு ஆபத்தாயிற்று. 1820 இல் கொழும்பு–கண்டி வீதி வேலை தொடங்கியது. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் அதனை ஊக்கினார். கப்டன் டோசன் என்னும் பொறியியலாளர் நடத்தினார். கற்பாறையை உடைத்தும் சுமந்தும் உழைத்தவர்களோ இராசகாரிய முறைப்படி ஊதியமின்றி அழைக்கப்பட்ட ஊர்மக்கள். 1829 இல் இறந்த டோசனுக்குக் கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரம் நிற்கின்றது. உழைத்தவர் பெயர் எதிலும் இல்லை.

1832 இல் அவ்வீதியில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேலாக முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. கோப்பிச் செய்கை பெருகப் பெருக மாட்டுவண்டிகளும் பெருகின. இங்கேதான், நான் மேலே குறித்த மலைவீதி முறைக்கு விளக்கம் கிடைக்கின்றது. சுமையோடு ஏறும் வண்டி நடுச்சரிவில் நின்றுவிட்டால், சில்லுக்குப் பின்னே கல்லை அணைக்கவேண்டும். மாடுகள் திரும்பவும் இழுத்தெடுப்பது பெரும்பாடு. கல் நழுவினால் வண்டியும் மாடும் பள்ளத்தில். இறங்கும் வண்டியைக் கட்டையிட்டு நிறுத்திவைக்கலாம். ஆதலால் இறங்குபவன் நிற்க, ஏறுபவன் செல்வான். பனிச்சரிவிலோ ஏறுகின்றவன் எவ்விடத்திலும் நிற்க வல்லவன். சறுக்கி இறங்குகின்றவனாலேதான் உடனே நிற்க இயலாது. ஆகவே இரண்டு விதிகளும் ஒன்றே. யாருக்கு நிற்பது அரிதோ அவருக்கு மற்றவர் வழிவிடுகின்றார். இதிலே குலம் இல்லை, பதவி இல்லை.

ஆயினும் நல்ல விதியொன்று வீதியில் வழங்கிய அதே காலத்தில், வீதியை விட்டுத் தோட்டத்துள் திரும்பியதும் பழைய விதியே ஆண்டது. துரை குதிரைமேல் வரக்கண்டால், தலையிலே கொழுந்துக் கூடை இருப்பினும் தொழிலாளி ஓரத்தில் இறங்கி நிற்கவேண்டும், தலைப்பாகையை அவிழ்க்கவேண்டும், மழையானாலும் விரித்த குடையை மடக்கவேண்டும். சுமையுள்ளவன் விலக, சுமையற்றவன் சென்றான். மலையக முதியோர் பலர் இதனைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

அத்தொழிலாளரின் முன்னோர் மலைநாட்டுக்கு வந்த பாதையை எண்ணினால் நெஞ்சு கனக்கும். தென்னிந்தியாவிலிருந்து கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கங்காணிமார் பின்னே கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகத் தொடர்ந்தன. நடக்கமாட்டாதவரை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே சென்றதும் உண்டு. நின்றால் நிற்பவரும் மடிவர் என்ற அச்சம் அவர்களுடையது. அவர்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. அக்காட்டுவழியில் போதிய மருந்தும் நிழலும் தண்ணீரும் அமைக்காமல் கோப்பியின் இலாபத்தை எண்ணியவர்களையே வரலாறு வினவவேண்டும். 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. கோப்பி மூட்டை சொகுசாகக் கொழும்புக்கு இறங்கியது. அதனைப் பறித்தவர் அதன்பின்னும் பல ஆண்டுகள் வடக்குக் காட்டைக் காலால் அளந்துகொண்டிருந்தனர்.

இக்காலத்தில் இச்செய்திகள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக நம் பாடசாலைகளில் மரதன் ஓட்டம் நடைபெறுகின்றது. மலைநாட்டில் அது பெரும்பாலும் பொதுவீதியிலேதான். நூறு பிள்ளைகள் வாயிலைத் தாண்டி ஒரே ஒடுங்கிய வளைவில் நெருங்கும்போது, சுவீடன் தேசத்தின் முதலாவது ஏற்றத்தை அங்கே காணலாம். ஆகவே எங்கள் பாடசாலையில் ஓட்டத்துக்கு முதல்நாள் மாணவரைக் கூட்டிச் சில விதிகளைச் சொல்வோம். வளைவுகளில் வீதியின் நடுவுக்கு வராதே. முந்துவதானால் குரல் கொடு, முழங்கையால் தள்ளாதே. இறக்கத்தில் கால் உன் வசத்தில் இல்லையென்று தோன்றினால் வேகத்தைக் குறை. எதிரே கொழுந்துக் கூடையோடோ விறகோடோ வருபவரைக் கண்டால் நீயே ஓரமாகு. உன் தோளில் ஒன்றுமில்லை. விழுந்தவனை முதலிற் காண்பவன் நிற்கவேண்டும்; அவன் இழந்த நேரத்தை நடுவர் கணக்கிற் சேர்ப்பார்.

இக்கடைசி விதியைப் பற்றி ஆசிரியர்களிடையே விவாதம் நடந்ததுண்டு. நேரத்தைத் திருப்பித் தருவதானால் நிற்பதில் என்ன பெருமை என்றார் ஒருவர். பெருமை வேண்டாம், நின்றாற் போதும் என்று மற்றவர் சொன்னார். விதி அப்படியே இருக்கின்றது. கடைசியாக ஓடும் பிள்ளைக்குப் பின்னால், தண்ணீர்ப் போத்தலோடு ஓர் ஆசிரியர் துவிச்சக்கர வண்டியில் வருவார். ஏற்றங்களில் அவரும் இறங்கி அதை உருட்டிக்கொண்டே நடப்பார்.