எறவாணத்துக் கிளாஸ்

எங்கள் அப்பாவின் டீக்கடையில் 1979 வரைக்கும் 'அரசியல் பேசாதீர்கள்' என்ற பலகை கிடையாது. மதுரைக்குத் தெற்கே, கரிசல் தொடங்குகிற இடத்தில் சின்ன ஊர். கடைக்கு முன்னால் இரண்டு பெஞ்சு. காலை ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணிச் செய்தி வரும். சரோஜ் நாராயணசுவாமியின் குரல் ஓய்ந்ததும் பெஞ்சில் பேச்சு ஆரம்பித்துவிடும். இடஒதுக்கீடு, இந்தி, நில உச்சவரம்பு என்று அத்தனையும் நான் கற்றுக்கொண்டது உள்ளே அங்கணத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டேதான். பெஞ்சில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை.

டீக்கடையும் அதன் பெஞ்சும் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையவை அல்ல. தமிழ்நாட்டில் முதலில் வேரூன்றியது காப்பி. அது நடுத்தர வர்க்கத்தின் பானமாக, பிராமணர் நடத்திய காப்பி கிளப்புகளின் பெருமையாக இருந்தது. டீ பின்னால் வந்தது. 1930களில் தேயிலை வாரியத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் இலவசமாகப் போட்டுக்கொடுத்துப் பழக்கினார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் வண்டிக்காரருக்கும் கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது அதுதான். 1942-ல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்குகிற தமிழ். எங்கள் கடையில் ஒரே ஒரு பேப்பர், தாள் தாளாகப் பிரிந்து ஆறு பேர் கையில் இருக்கும். அதற்கும் முன்பே 1925-ல் பிறந்த 'குடிஅரசு', 1935-ல் வந்த 'விடுதலை' இரண்டையும் படிப்பகங்களிலும் சலூன்களிலும் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு வளர்ந்தார்கள். படிக்கத் தெரியாதவரும் வாதம் செய்யலாம் என்ற நிலையை உண்டாக்கியது அந்த உரத்த குரல். தமிழ்நாட்டின் அரசியலை இதை விட்டுவிட்டு எழுத முடியாது என்றே நான் நம்புகிறேன்.

1957-ல் உணவு விடுதிப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் போராட்டம் நடத்தினார். சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் நாள்தோறும் தொண்டர்கள் மறியல் செய்து கைதானார்கள். அப்பா அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். "சாப்பிடுற இடத்துல என்னய்யா சாதி?" என்பார். பெஞ்சு முழுக்கத் தலையாட்டும்.

1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள். நெருக்கடிநிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அந்த மாதங்களில் அப்பா இரவில் கடைப்பலகையைப் பாதி சாத்திவிட்டு டிரான்சிஸ்டரில் பிபிசி தமிழோசையைத் திருகிப் பிடிப்பார். கரகரப்புக்குள்ளிருந்து லண்டன் பேசும். எட்டுப் பத்துப் பேர் மூச்சுவிடாமல் கேட்பார்கள். அவ்வளவு துணிச்சல் அந்தக் கடைக்கு இருந்தது.

அதே கடையில், வாசல் எறவாணத்து ஓலைக்குள் நாலு கிளாஸ் செருகியிருக்கும். அவற்றை நான் கழுவியதே இல்லை. தலித் மக்கள் வாழ்ந்த காலனியிலிருந்து வருகிறவர்கள் தாங்களே எடுத்து, தாங்களே அலசி, நீட்டிப் பிடிப்பார்கள். அப்பா உயரத்திலிருந்து ஊற்றுவார். குத்தவைத்துக் குடித்துவிட்டு, மறுபடி அலசி, ஓலையில் செருகிவிட்டு, காசைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு முந்தைய காலத்தில் கிளாஸுக்குப் பதில் சிரட்டை இருந்ததாம். கிளாஸ் கொடுத்ததையே முன்னேற்றமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

1979-ல் ஒரு நாள் காலை. மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலனி இளைஞர் ஒருவர் வந்தார். எறவாணத்துப் பக்கம் கை போகவில்லை. "அண்ணே, பெஞ்சுல இருக்கவுக குடிக்கிற கிளாஸ்லயே ஊத்துங்க" என்றார். அவருடைய அப்பா என் அப்பாவை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். பத்து நிமிஷத்துக்கு முன் இடஒதுக்கீட்டுக்காகத் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்தவர் தினத்தந்தித் தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அப்பா அடுப்பைப் பார்த்தபடி, "பால் தீந்துபோச்சுப்பா" என்றார். சட்டியில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அங்கணத்திலிருந்து நான் பார்த்தேன். நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. விவரம் தெரியாதவள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்த வாரம்தான் பலகை ஏறியது.

அந்த இளைஞர் கேட்டதில் புதுமை ஒன்றும் இல்லை. 1907-லேயே அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தி, சாதியின் வேரைக் கேள்வி கேட்டிருக்கிறார். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த சட்டம் இன்னும் நுணுக்கமாக, உணவு விடுதியில் பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்றே எழுதிவைத்தது. எங்கள் பெஞ்சில் சட்டசபை விவாதம் வரிவரியாக அலசப்பட்டது. பாத்திரத்தைப் பற்றிய அந்தப் பிரிவை மட்டும் யாரும் எடுத்ததில்லை.

பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது. அதற்குப் பின் காகிதக் கப். தம்பி கடையை எடுத்து நடத்திய காலத்தில் எறவாணத்து கிளாஸ்கள் ஒரு நாள் காணாமல் போயின. யாரும் போராடவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காலனிக்காரர் வந்தால் கப், மற்றவருக்கு கிளாஸ். மதுரை வட்டாரத்தில் கள ஆய்வு செய்தவர்கள் பல ஊர்களில் இதையே கண்டு எழுதியிருக்கிறார்கள். இரட்டைக் குவளைக்கு எதிராக எத்தனையோ பேர் அடிபட்டும் வழக்கு நடத்தியும் கேட்ட கேள்விக்கு, குப்பைக்கூடையில் பதில் போட்டுவிட்டார்கள். கப் தூக்கியெறியப்படுகிறது, அலசவேண்டியதில்லை, சாட்சியும் மிஞ்சுவதில்லை. இதைச் சுகாதாரம் என்றும் நாகரிகம் என்றும் பேசுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. தடையை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் எல்லாக் கடையிலும் எல்லார் கைக்கும் கிளாஸ் திரும்ப வந்தாக வேண்டும். அப்போது பழைய கேள்வியும் கூடவே வரும்.

பெஞ்சில் இப்போது ஆளுக்கொரு செல்போன். சமூக நீதி பற்றி என் காலத்தைவிட அதிகமாகவே பேசுகிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர்க் கடையில் டீ குடிக்கும்போது, யாருக்குக் கண்ணாடி, யாருக்குக் காகிதம் என்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், அங்கேயே, கடைக்காரர் காதில் விழும்படி கேளுங்கள்.