மார்க்கும் லிராவும்: ஒரு நாணய மாற்றின் வரலாறு

நாணய மாற்று நம் சமூகத்துக்குப் புதிய தொழில் அன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் முஸ்லிம்கள் இத்தொழிலைத் தலைமுறைகளாக நடத்தி வருகின்றனர். ஒரு காலத்தில் அக்கடைகளின் விலைப் பலகையில் ஐரோப்பாவுக்கென்றே பல வரிகள் இருந்தன. ஜெர்மன் மார்க், இத்தாலிய லிரா, பிரெஞ்சு பிராங்க், டச்சு கில்டர் எனப் பட்டியல் நீளும். இன்று அவை அனைத்துக்கும் யூரோ என்ற ஒரே வரிதான். இம்மாற்றத்தை மார்க், லிரா ஆகிய இரண்டை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மார்க்குக்குச் சுமார் 750 லிரா. தங்கள் நாணயங்களின் மதிப்பு அதிகம் விலகாமல் இருக்க ஐரோப்பிய நாடுகள் 1979இல் செய்துகொண்ட ஏற்பாடு அதைத் தாங்கி நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நெருக்கடி மூண்டது. பிரிட்டிஷ் பவுனும் லிராவும் ஏற்பாட்டை விட்டு விலகின. 1995இல் ஒரு மார்க் 1,200 லிராவையும் தாண்டியது. லிராவைக் கையில் வைத்திருந்தவருக்குப் பெருநட்டம். 1996 நவம்பரில் 990 லிரா என்ற நடுவிலையில் இத்தாலி மீண்டும் சேர்ந்தது.

1998 டிசம்பர் 31 அன்று விலை நிரந்தரமாயிற்று. ஒரு யூரோ 1.95583 மார்க், அதே ஒரு யூரோ 1,936.27 லிரா. யூரோ நோட்டுகள் 2002 ஜனவரி 1 அன்றுதான் வெளிவந்தன. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பழைய நோட்டுகளே புழங்கின.

அக்காலத்தில் மார்க்கை லிராவாக்கும் முறையைச் சட்டமே வகுத்திருந்தது. முதலில் மார்க்கை யூரோவாக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்று தசம இலக்கமாவது வைத்துக்கொண்டு, பிறகு லிராவாக்க வேண்டும். 100 மார்க்கை 1.95583ஆல் வகுத்தால் 51.129 யூரோ. அதை 1,936.27ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 99,000 லிரா.

லிராவை யூரோவாக்க வகுக்கத்தான் வேண்டும். விகிதத்தைத் தலைகீழாக்கிச் சுருக்கிப் பெருக்கக் கூடாது. காரணம் எளிது. ஒரு லிரா 0.0005 யூரோ என்று சுருக்கினால் 10 லட்சம் லிராவுக்கு 500 யூரோ கிடைக்கும். முறைப்படி வகுத்தால் 516.46 யூரோ. சுருக்குவதிலேயே 16 யூரோவுக்கு மேல் ஒருவர் கைவிட்டுப் போகும். அளவையில் குறை வைக்காதே என்று கேட்டு வளர்ந்த வணிகக் குடும்பங்களுக்கு இந்த விதியின் நியாயம் சொல்லாமலே விளங்கும்.

விலை நிலைத்தாலும் நோட்டுகளின் விதி வேறாயிற்று. லிராவை மாற்ற 2012 பிப்ரவரி வரை தவணை இருந்தது. இத்தாலிய அரசு 2011 டிசம்பர் 6 அன்றே அதை முடித்துவிட்டது. அது செல்லாது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஆயினும், இடைப்பட்ட வாரங்களில் மாற்றித்தரக் கேட்டிருந்தவர்களுக்கு மட்டுமே வழி பிறந்தது. ஜெர்மனியின் மத்திய வங்கியோ மார்க்குக்குத் தவணையே வைக்கவில்லை. 1.95583 என்ற அதே விலையில் இன்றும் மாற்றித் தருகிறது.

ஒரு மார்க்கும் 990 லிராவும் சமம் என்று ஒரே நாளில் முடிவானது. இன்று ஒன்று பணம், மற்றொன்று காகிதம். நாணயத்தின் மதிப்பு எண்ணில் மட்டும் இல்லை. கொடுத்த வாக்கை வெளியிட்டவர் எத்தனை காலம் காப்பார் என்பதிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் பெட்டியில் பழைய மார்க் நோட்டு இருந்தால் எறிந்துவிட வேண்டாம்.