கோழிக்கூடும் இரவும்: ஆவணங்களில் இடம்பெறாத ஒரு கட்டுமானம்

இந்தியாவில் கோழியின் வரலாறு பெரும்பாலும் இனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த இனம் எங்கிருந்து வந்தது, எத்தனை முட்டை இட்டது என்பவற்றுக்குப் பதிவுகள் உண்டு. அக்கோழி இரவில் எங்கே அடைந்தது என்பதற்குப் பதிவு அரிது. மூங்கிலும் மண்ணும் ஓலையும் மட்கிப் போகும் பொருள்கள். அவற்றால் ஆன கூடு அகழாய்விலும் எளிதில் அகப்படுவதில்லை. ஆயினும் ஏழை வீட்டில் கோழி எஞ்சுமா என்பதைத் தீர்மானித்தது அந்தக் கூடே.

அச்சம் மட்டும் இலக்கியத்தில் தங்கியிருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகை 139ஆம் பாடலில், மாலைப்பொழுதில் வேலியருகே காட்டுப்பூனைக் கூட்டம் வர, புகலிடம் அறியாத பேடை துயரக் குரலெழுப்பித் தன் குஞ்சுகளை அழைக்கிறது. வேலி இருந்தும் அது காப்பாகவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

பகலின் பகை வேறு, இரவின் பகை வேறு. பருந்தும் கீரியும் பகலில் வருபவை. அவற்றைக் கண்டு கோழியால் ஓடி ஒளிய முடியும். நரியும் காட்டுப்பூனையும் மரநாயும் இருளில் வருபவை. கோழிக்கோ இருளில் பார்வை மிகக் குறைவு. காட்டுக்கோழியின் தற்காப்பு மரக்கிளையில் அடைவது. மனிதர் அமைத்த கூடுகள் பல அந்த உயரத்தையே பின்பற்றின. பிரம்மபுத்திரா சமவெளியில் மிசிங் மக்கள் தூண்கள்மேல் மூங்கில் வீடமைத்து, அதனடியில் கோழியும் பன்றியும் வளர்த்தனர். பிற பகுதிகளில் கவிழ்த்த மூங்கிற்கூடையின்மேல் கல்லை ஏற்றிவைக்கும் வழக்கம் இருந்தது. உயரம் நரியைத் தடுத்தது. மரமேறும் மரநாயைத் தடுக்கவில்லை. கூடை கோழியை மறைத்தது. பாம்புக்கு இடைவெளி விட்டது.

1844இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பார்னார்டு கம்பிவலை பின்னும் பொறியை உருவாக்கினார். அறுகோணக் கண்களுடைய மெல்லிய வலை, கோழியை உள்ளே நிறுத்தப் போதுமானது. கடித்துக் கிழிக்கும் நாயை வெளியே நிறுத்தப் போதாது. 1910களில் ஐக்கிய மாகாணத்தின் ஏட்டாவில் அமெரிக்க மறைப்பணியாளர் ஆர்தர் ஸ்லேட்டர் கிராமத்து ஏழைகளிடையே மேலினக் கோழி வளர்ப்பைப் பரப்பினார். முட்டை மிகுதியாக இடும் இனத்தைப் பரப்புவது, அதற்கேற்ற காவலையும் கோரியது. நாட்டுக்கோழி ஒன்றை இழப்பதைவிட மேலினக் கோழி ஒன்றை இழப்பது பெரிய இழப்பு.

பின்னாளில் ஐதராபாத்தின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் எதிர்த்திசையில் சிந்தித்தது. அங்கு உருவான வனராஜா இனத்தின் பலநிற இறகுகள் பகையின் கண்ணுக்குத் தப்பவும், நீண்ட கால்கள் ஓடித் தப்பவும் உதவின. காவலின் ஒரு பகுதி கோழியின் உடலிலேயே வைக்கப்பட்டது. ஆனால் அது பகற்காவல் மட்டுமே. இருளில் நிறமும் பயன்படாது, காலும் பயன்படாது.

ஆகவே மலிவான கூட்டின் தேவை நீங்கவில்லை. முழங்கால் உயரத் தூண்கள், விரல் நுழையாத அளவு நெருங்கப் பின்னிய மூங்கிற்பட்டை அல்லது அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை, பூனை தள்ளித் திறக்க முடியாத தாழ்ப்பாள்: இவ்வளவே அதன் அடிப்படை. இவற்றோடு, நாள்தோறும் அந்தி சாயுமுன் கதவடைக்கும் ஒரு கையும் வேண்டும். இந்தியக் கிராமங்களில் அது பெரும்பாலும் பெண்ணின் கை. நிலமற்ற குடும்பங்களில், பெண் தன் விருப்பப்படி விற்கக்கூடிய உடைமை பல வேளைகளில் கோழி ஒன்றே. கோழியின் வரலாற்றை எழுதுவோர் முட்டைக் கணக்கோடு அந்தக் கூட்டையும், அதை அடைத்தவரின் உழைப்பையும் கணக்கிற் சேர்க்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.