முதுநிலைச் செவிலியப் பட்டம் (மருத்துவ-அறுவைச் சிகிச்சைப் பிரிவு)

நோயுற்ற வயதுவந்தோரைப் பேணும் செவிலியத்தில் இந்தியாவில் வழங்கப்படும் உயர் பட்டம், எம்.எஸ்சி. நர்சிங் என்றால் எல்லாருக்கும் புரியும். படிப்பு 2 ஆண்டுகள். நாட்டில் இப்படிப்பு முதலில் தொடங்கியது டெல்லியின் ராஜ்குமாரி அம்ரித் கௌர் செவிலியக் கல்லூரியில், 1959-இல்.

பாடத்திட்டத்தையும் தகுதியையும் வகுப்பது இந்திய நர்சிங் கவுன்சில். பி.எஸ்சி. நர்சிங்கில் 55 விழுக்காடு மதிப்பெண், மாநிலக் கவுன்சிலில் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம் ஆகியவை வேண்டும். வார்டில் இரவுப் பணி பார்த்த அனுபவத்தோடு வகுப்புக்கு வரட்டும் என்ற இந்த நிபந்தனை நியாயமானதே.

முதலாண்டில் செவிலியக் கல்வி, உயர்நிலைச் செவிலியம், ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும், சிறப்புப் பாடத்தின் முதல் பகுதி. இரண்டாமாண்டில் நிர்வாகமும், இதயம், நரம்பு, புற்றுநோய், சிறுநீரகம், எலும்பு, தீவிர சிகிச்சை போன்ற உட்பிரிவுகளில் ஒன்றும் வரும். ஆய்வேடு கட்டாயம். அறுவைக்குப் பிந்தைய வலி, டயாலிசிஸ் நோயாளியின் உணவுக் கட்டுப்பாடு, படுக்கைப் புண் தடுப்பு எனத் தலைப்புகள் பெரும்பாலும் கட்டிலருகிலிருந்தே பிறக்கின்றன.

தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகள் இதை நடத்துகின்றன. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளியிலிருந்து வளர்ந்த வேலூர் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) செவிலியக் கல்லூரியும் அவற்றில் ஒன்று.

ஒரு முரண்: இவ்வளவு நுணுக்கமாக நோயாளியைப் பேணக் கற்றவர்களில் பலர், பட்டம் பெற்றதும் கல்லூரி ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இதே துறையின் முதுநிலைப் பட்டதாரிகளில் சிலர் மருந்தே எழுதித் தருகிறார்கள். இங்கே படிப்புக்கும் கட்டிலருகுப் பணிக்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்பவே தீவிர சிகிச்சைக்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற தனி முதுநிலைப் படிப்பைக் கவுன்சில் கொண்டுவந்தது.