அரசாணிக்காய்: சுட்டுச் சமைத்தல்

அரசாணிக்காய் என்பது சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், கோயம்புத்தூர் முதலிய கொங்கு நாட்டு ஊர்களில் மஞ்சள் பூசணிக்கு வழங்கும் பெயராகும். தமிழகத்தின் பிற பகுதிகளில் இதே காய் பறங்கிக்காய் என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் வழங்குகிறது. மேலைநாட்டார் அடுப்பில் சுட்டு இனிப்பிலும் காரத்திலும் சேர்க்கும் பட்டர்நட் பூசணியும் இதுவும் தாவரவியலில் ஓரினமாகையால், ஒன்றின் பக்குவம் சிறு மாற்றத்துடன் மற்றதற்கும் பொருந்தும்.

குக்குர்பிட்டா என்னும் பேரினத்தில் மனிதர் பயிரிடும் இனங்கள் ஐந்து. அவற்றுள் சமையலுக்கு முதன்மையானவை பெப்போ, மாக்சிமா, மோஸ்கேட்டா ஆகிய மூன்று. பட்டர்நட்டும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்களும் மோஸ்கேட்டாவைச் சேர்ந்தவை. இவ்வினத்தை அறியக் காயை அறுக்க வேண்டியதில்லை, காம்பைப் பார்த்தால் போதும்: கட்டையாக, ஐந்து பட்டைகளுடன், காயைத் தொடும் இடத்தில் மட்டும் பாதம்போல் விரிந்திருந்தால் அது மோஸ்கேட்டா, உருண்டையாகத் தக்கைபோல் மென்மையாக இருந்தால் மாக்சிமா. சாம்பல் பூத்த வெண்பூசணி இப்பேரினத்தையே சேர்ந்ததன்று. அது ஆசியாவுக்கு உரிய பெனின்காசா. காசி அல்வா வெண்பூசணியில் செய்யப்படுவது என்பதை மறந்து அதை அரசாணி அல்வாவுடன் ஒன்றாக்குவது பிழையாகும்.

அரசாணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசின் 1492-ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பின்னரே அது கடல் கடந்தது. 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துகீசியரின் வழிவந்த வணிகத்தால் இந்தியாவை அடைந்தது. ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்னும் சொல்லே காயின் பெயராக நிற்பது இவ்வரலாற்றுக்குச் சான்று. கொங்கு நாடோ வந்த காய்க்குத் தன் பெயரையே இட்டுக்கொண்டது. பட்டர்நட் மிகப் பிந்தியது: கழுத்து நீண்டு வளைந்த பழைய பூசணி வகையிலிருந்து, 1940-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டோ என்னும் ஊரில் சார்லஸ் லெகெட் அதை உருவாக்கினார், அதன் வழிவந்த வால்தம் பட்டர்நட் 1970-இல் அனைத்து அமெரிக்க விதைத் தேர்வுப் பரிசைப் பெற்றது. அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கப்படும் பூசணி விழுதிலும் பெரும்பகுதி மோஸ்கேட்டா இனத்ததே.

சுடுதல் என்பது நீர் சேர்க்காமல் உலர்ந்த வெப்பத்தில் வேகவைத்தலாகும். நீரில் அவித்த அரசாணி நீர் கோத்துக் குழைந்துவிட, சுட்டது நீரை இழந்து இனிப்புத் திரண்டு, வெட்டுமுகம் பழுப்பேறி மணக்கிறது. பட்டர்நட்டை நீளவாக்கில் பிளந்து, விதை நீக்கி, எண்ணெய் தடவி, வெட்டுமுகம் கீழிருக்க 200 பாகை செல்சியசில் முக்கால் மணி நேரம் வைப்பர். கோ 1 போன்ற ஏழெட்டுக் கிலோ காய்க்கு இம்முறை ஒவ்வாது. அதைத் தோலோடு இரு விரற்கடைப் பத்தையாக நறுக்கி, கனத்த இரும்புச் சட்டியில் கடலை எண்ணெய் தடவி, மூடாமல் சிறுதீயில் திருப்பித் திருப்பிச் சுடுவது நன்று. மூடினால் ஆவி இறங்கிச் சுட்ட காய் அவித்த காயாகிவிடும்.

காரச் சமையலில், சுட்ட சதையைத் தோலிலிருந்து வழித்து மண்சட்டியில் இட்டு, வதக்கிய சின்ன வெங்காயம், வரமிளகாய், பூண்டு சேர்த்து மத்தால் கடைந்தால் கொங்கு நாட்டுக் கடைசல் கிடைக்கும். ராகிக்களிக்கு இது தக்க துணை. தட்டைப்பயறு அரசாணிக் குழம்பில் காயைத் தொடக்கத்தில் சேர்ப்பது வழக்கமாயினும், சுட்ட துண்டுகளை இறக்கும் தறுவாயில் சேர்த்தால் கரையாமல் நிற்கும். இனிப்பில், சுட்ட விழுதை நெய்யில் கிளறி நாட்டுச் சர்க்கரை சேர்த்தால் அல்வா விரைவில் திரள்கிறது, ஏனெனில் வற்ற வேண்டிய நீர் முன்பே போய்விட்டது. பாயசத்துக்குத் தேங்காய்ப் பாலை அடுப்பை அணைத்த பின்னரே ஊற்றுதல் வேண்டும். காயின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவதாகையால் இச்சமையலில் நெய்யும் எண்ணெயும் வீண் ஆடம்பரமல்ல.

இன்று பட்டர்நட் கோயம்புத்தூர்ப் பெருங்கடைகளில் கிடைப்பதால், இப்பக்குவங்களை இரு காயிலும் செய்து பார்க்கலாம்.

ஆனால் எக்காயாயினும் இளசாயின் எம்முறையாலும் பயனில்லை. நகம் இறங்காத தோலும் காய்ந்த காம்பும் உடைய முற்றிய காயே சுடத் தக்கது. அதுவும் பறித்தவுடன் அல்லாமல், காம்போடு அட்டாலி என்னும் பரணில் சில வாரம் வைத்திருந்து, மாவுச்சத்து சர்க்கரையான பின் எடுப்பதே சிறப்பு.